வரம்புள்ள கட்டளை வாயில்



1978ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயெஸ் என்னும் இருவர், தொலைபேசி வழியே எவரும் அழைத்துச் செய்தி எழுதத்தக்க முதற் கணிப்பொறி அறிவிப்புப் பலகையை அமைத்தனர். அழைப்போர்க்குச் சில கட்டளைகளே உண்டு. ஆதலின் பொறிக்கு இடரில்லை. 1987இல் ஆப்பிள் பொறியில் அறிவிப்புப் பலகையாகத் தோன்றிய எஸ்.டி.எஃப். என்னும் அமைப்போ, பின்னாளில் யூனிக்ஸுக்கு மாறி, முகமறியாதார்க்கும் கட்டளை வரியைத் திறந்துவிட்டது. புதியவர்க்கு முதலில் வரம்புள்ள வசதி. சரிபார்த்த பின்னரே விரிவு. இவ்வொழுங்கை நான் பெரிதும் மெச்சுகிறேன். தன் கையால் கட்டளையிட்டுப் பழகாதவன் கணிப்பொறியைக் கற்றவனாகான். பழகவிட்டால் பிறர் கோப்புகளுக்குத் தீங்கு நேரலாம். இரண்டையும் எங்ஙனம் பொருத்துவது?

கட்டளையை வாங்கிச் செயற்படுத்தும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ‘ஆர்பாஷ்’ என்பது கட்டுண்ட ஷெல். அதிலிருப்பவர் வேறு அடைவுக்கு நகர இயலாது. சாய்கோடு கொண்ட கட்டளைப் பெயரை இட இயலாது. கட்டளைகளைத் தேடும் பாதையை மாற்றவோ, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பவோ இயலாது. இவ்வளவில் காவல் நிறைந்ததென்று எண்ணுவோர் பலர். நிறையவில்லை.

அப்பாதையில் ‘விம்’ என்னும் தொகுப்பியை வைத்தோமென்று கொள்ளுங்கள். அதனுள்ளிருந்தே கட்டற்ற வேறொரு ஷெல்லைத் தொடங்கிவிடலாம். அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு நூலை மட்டும் எடு என்று மாணவனிடம் சொல்வதற்கு ஒப்பாகும் இது. ஆகவே, வெளிக்கட்டளைகளை மறுக்கும் ‘ஆர்விம்’ என்னும் வடிவத்தையே வைத்தல் வேண்டும்.

அதனினும் நுட்பமான ஓட்டை இரண்டு உள. கட்டுப்பாடுகள், தொடக்கக் கோப்புகள் படிக்கப்பட்ட பின்னரே நடைமுறைக்கு வருகின்றன. அக்கோப்பைப் பயனர் திருத்தக்கூடுமாயின், பாதையை அங்கேயே மாற்றிவிடுவார். மேலும், ஷெல் நிரலொன்றை இயக்குங்கால் அதற்கெனப் பிறக்கும் ஷெல்லில் கட்டுப்பாடு நீங்கிவிடுகிறது! ஆதலின் தொடக்கக் கோப்பும், கட்டளைகள் உள்ள அடைவும் பயனரால் எழுதவியலாதனவாக இருத்தல் இன்றியமையாதது. தொடக்கக் கோப்பு அவருடைய வீட்டு அடைவில் இருப்பதால், அவ்வடைவின் உரிமையையும் நடத்துநரே வைத்துக்கொண்டு, எழுதுவதற்கெனத் தனி அடைவொன்றை உள்ளே அமைத்துத் தரலாம்.

1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்த ‘சிஎச்ரூட்’ என்பதோ, ஓர் அடைவையே முழு உலகமாகக் காட்டுவது. எனினும், உள்ளே தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு எந்த நிரலும் ஓடலாகாது. ஓடினால் சுவர் தாண்டப்படும்.

செயல்களின் எண்ணிக்கைக்கும் வட்டின் இடத்துக்கும் ஆளுக்கோர் உச்சவரம்பு விதியுங்கள். தன்னைத்தானே பெருக்கும் சிறு நிரலொன்று, வரம்பற்ற பொறியை நொடிகளில் திணறச் செய்துவிடும். கட்டளைகளை நான்கைந்தாகத் தொடங்கி, பயனர் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றையும் ஆராய்ந்து சேர்த்துவரலாம்.