கொட்டாமல் விட்ட கலவை!

காய்கறிக் கடையில் கத்தரிக்காயைத் தராசில் வைத்து எடை போடுவர். நகைக் கடையில் தங்கத்தை மில்லிகிராம் வரை துல்லியமாக நிறுப்பர். முட்டையின் வெள்ளைக் கருவில், 'லைசோசைம்' என்ற புரதம் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அதன் மூலக்கூறு ஒன்றின் எடையை அறிய வேண்டுமானால், எந்தத் தராசில் வைப்பது?

அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். இதில் தட்டும் கிடையாது, படிக்கல்லும் கிடையாது. இக்கருவியின் ஒரு வகையில், மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, காற்று நீக்கிய நீண்ட குழாய்க்குள் ஓட விடுவர். பள்ளி விளையாட்டு விழாவில் நடக்கும் ஓட்டப் பந்தயம் மாதிரிதான்! ஒரே அளவு மின்னூட்டம் பெற்றவற்றில் எடை குறைந்தது முதலில் வந்து சேரும். எடை கூடியது பிந்தி வரும். வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு எடையைக் கணக்கிட்டு விடலாம். லைசோசைம் மூலக்கூறின் எடை, ஹைட்ரஜன் அணுவைப் போல ஏறத்தாழ 14 ஆயிரம் மடங்கு!

ஆனால், ஓடுவதற்கு முன் மூலக்கூறு, தான் ஒட்டியிருக்கும் இடத்தை விட்டு மேலே எழும்ப வேண்டுமே... அங்கேதான் சிக்கல். புரதம் என்பது, அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த நீண்ட மாலை. அதன் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், மாலை அறுந்து துண்டு துண்டாகிவிடும். அறுந்த மாலையை எடை போட்டு என்ன பயன்? 1980களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளை வாட்டிய கேள்வி இது.

ஜப்பானின் கியோட்டோ நகரில், அறிவியல் கருவிகள் செய்யும் 'ஷிமாட்ஸு' நிறுவனம் இருக்கிறது. 1983ல் அங்கு வேலைக்குச் சேர்ந்தார், கொய்ச்சி தனாகா என்ற இளைஞர். அவர் படித்தது மின் பொறியியல், வேதியியல் அல்ல. ஐந்து பேர் கொண்ட குழுவில் அவருக்குக் கிடைத்த வேலை, மூலக்கூறு உடையாமல் எழும்பும்படி மாதிரியைத் தயாரிப்பது.

மிக நுண்ணிய உலோகப் பொடியை மாதிரியுடன் கலந்தால், லேசரின் வெப்பத்தைப் பொடி வாங்கிக் கொள்ளும் என்பது குழுவின் எண்ணம். பொடியை அசிட்டோன் என்ற திரவத்தில் கலந்து, நாள்தோறும் சோதித்து வந்தார் தனாகா. பெரிய மூலக்கூறுகள் உடைந்து கொண்டேதான் இருந்தன.

1985 பிப்ரவரியில் ஒரு நாள், அசிட்டோனுக்குப் பதில், கை தவறி கிளிசரினைப் பொடியுடன் கலந்து விட்டார். உடனே தெரிந்து விட்டது. பொடியோ விலை உயர்ந்தது, கொட்டினால் வீண். 'சரி, இதையும் சோதித்து விடுவோம்' என, கருவிக்குள் வைத்தார். வெற்றிடத்தில் கிளிசரின் மெல்ல ஆவியாகும். அதை விரைவுபடுத்த லேசரைப் பாய்ச்சியபடியே, திரையையும் கவனித்துக் கொண்டிருந்தார்.

அதுவரை உடைந்தே வந்த வைட்டமின் பி12 மூலக்கூறு, முழுசாக வந்திருப்பதைத் திரை காட்டியது!

அவர் அதோடு விட்டுவிடவில்லை. கலவையின் அளவுகளை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பச் செய்தார். 1987ல், முழுப் புரதங்களையே எழுப்பிக் காட்டியது அவரது குழு. 2002ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது தனாகாவுக்கு வயது 43. முனைவர் பட்டம் கூட வாங்கியிராதவர். கிளிசரினைத் தவறிக் கலந்த கதையை, நோபல் மேடை உரையிலும் மறைக்காமல் சொன்னார்.

அதே ஆண்டு பரிசில் பங்கு பெற்ற அமெரிக்கர் ஜான் ஃபென்னுக்கு வயது 85! அவர் வழி வேறு. புரதக் கரைசலை, மின்சாரம் ஏற்றிய ஊசி முனையில் இருந்து மிக நுண்ணிய துளிகளாகத் தெளித்தார். துளியின் நீர் காய்ந்ததும், புரதம் மின்னூட்டத்தோடு மிஞ்சியது.

லேசர் முறையில், இன்று பெரும்பாலான ஆய்வுக் கூடங்கள் உலோகப் பொடிக்குப் பதில் எளிய அமிலங்களைச் சேர்க்கின்றன. ஜெர்மனியின் ஹில்லன்காம்ப், காரஸ் ஆகியோர் வகுத்த வழி அது. மாதிரியை எப்படித் தயாரிக்கின்றனர், தெரியுமா?

முதலில் கையுறை. நம் தலைமுடியிலும், உதிரும் தோலிலும் 'கெரட்டின்' என்ற புரதம் உண்டு. அதில் ஒரு துணுக்கு விழுந்தாலும், ஆய்வாளரின் தோலே எடை காட்டும்! அடுத்து, கரைசலில் உள்ள உப்பை நீக்குவர். உப்பு மிஞ்சினால் முடிவு குழம்பும். பின், சினாபினிக் அமிலம் போன்ற ஒன்றைக் கலப்பர். கடுகின் லத்தீன் பெயரில் இருந்து வந்த பெயர் இது. ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளியை, எஃகுத் தட்டில் இட்டு உலர்த்துவர். அமிலம் படிகமாகும், புரதம் அதற்குள், வைக்கோலில் பொதிந்த மாம்பழம் போல பத்திரமாக இருக்கும். லேசரின் அடியை அமிலம் தாங்கும்; புரதம் முழுசாக எழும்பும்.

இதனால் நமக்கு என்ன லாபம்? பெரிய மருத்துவமனைகளில், நோயாளியிடம் எடுத்து வளர்த்த கிருமியின் புரதங்களை இப்படி எடை பார்த்து, அது எந்தக் கிருமி என்பதைச் சில நிமிடங்களில் சொல்லி விடுகின்றனர். அதற்கேற்ற மருந்தை மருத்துவர் சீக்கிரமே கொடுக்க முடிகிறது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். கொட்டும் முன் தனாகா நின்று பார்த்தார். பார்த்ததை மறுபடியும் செய்து பார்த்தார். உங்கள் செய்முறை வகுப்பில் விடை எதிர்பார்த்தபடி வராவிட்டால், அழிப்பானைத் தேடாதீர்கள். வந்ததை அப்படியே நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டி, 'ஏன் இப்படி வந்தது?' என்று கேளுங்கள், குழந்தைகளே!