விமானச் சன்னல் வழியே ஒரு பாலைவன நகரம்

சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ பகல் நேர விமானத்தில் போகிறீர்களா? ஆஸ்திரேலியக் கரையைக் கடந்ததும் பலர் சன்னலை மூடிவிட்டுப் படம் பார்க்கத் தொடங்குவார்கள். நீங்கள் மூடாதீர்கள். கண்டத்தின் நடுப்பகுதியைக் கடக்கும்போது, கீழே கோடிக்கணக்கான ஆண்டுகளின் வரலாறு விரிந்து கிடக்கும்.

முதலில் கண்ணில் படுவது சிவப்பு நிறம். மணலிலும் பாறையிலும் உள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்த நிறம் அது. பழைய தகரக் கூரையில் நாம் பார்க்கும் அதே துருதான்.

விலா எலும்பு போன்ற மலைகள்

அந்தச் சிவப்பின் நடுவே, கிழக்கு மேற்காக வரிவரியாக நீள்வது மெக்டொனால்ட் மலைத்தொடர். நீளம் ஏறக்குறைய 640 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இங்கே ஆழமற்ற கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த மணலும் சேறும் இறுகிப் பாறை அடுக்குகளாயின. பின்னர், 45 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, நிலத்தட்டு நெருக்குண்டதால் அந்த அடுக்குகள் மடிந்து நிமிர்ந்தன. மென்மையான அடுக்குகள் அரித்துப்போக, கடினமானவை மட்டும் விலா எலும்புகளைப் போல எஞ்சி நிற்கின்றன. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் நிழல் விழுவதால் அவை இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்த மலைச்சுவரில் ஓரிடத்தில் வாசல்போல் ஓர் இடைவெளி உண்டு. அதை ஒட்டி இருப்பதுதான் ஏறக்குறைய 25,000 பேர் வாழும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். பெரும்பாலும் வறண்டு கிடக்கும் டோட் ஆறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை மூன்றும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன.

விமான நிலையத்தருகே விமானங்கள் வரிசையாக நிற்பதையும் காணலாம். 2020இல் கொவிட்-19 பரவியபோது சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஏ380 விமானங்கள் சில இங்கேதான் ஓய்வெடுத்தன. நம் ஊர் ஈரக்காற்று உலோகத்தை அரிக்கும். பாலைவனத்தின் வறண்ட காற்று அதைக் காக்கும்.

வானிலிருந்து விழுந்தது

நகருக்கு மேற்கே சுமார் 175 கிலோமீட்டரில் வட்டமான குன்று வளையம் ஒன்று தென்படும். பெயர் நோராலா, அகலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்பொருள் ஒன்று மோதியதில் உண்டான பெரும்பள்ளத்தின் நடுப்பகுதி இது, வெளிவிளிம்பு அரித்துப்போய்விட்டது. பால்வீதியில் பெண்கள் நடனமாடியபோது, தொட்டிலோடு ஒரு குழந்தை கீழே விழுந்த இடம் இது என்கிறது அரெண்டே பழங்குடியினரின் கதை. அறிவியலும் அந்தக் கதையும் இந்த இடத்தை வானத்தோடு இணைக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத பாறை

வறண்ட ஆற்றங்கரையில் நகரம் எப்படிப் பிழைக்கிறது? நிலத்தடி மணற்கல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையைப் பஞ்சு போலத் தாங்கி வைத்திருக்கிறது. குழாய்க்கிணறுகள் அதைத்தான் இறைக்கின்றன. ஆனால் ஊறுவதைவிட இறைப்பது அதிகம். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. சன்னல் வழியே தெரியும் அந்தச் சிறு பச்சைத் திட்டுகள் யாவும் அந்தப் பழைய மழையின் சேமிப்பில்தான் உயிர் வாழ்கின்றன.