கச்சேரி மேடையும் கம்பெனிக் கூட்டமும்

ஒரு பொது நிறுவனம் தன் பங்குதாரர்களை ஆண்டுக்கொரு முறை கூட்டுகையில் எந்தெந்த நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் தெளிவாக வகுத்திருக்கிறது. காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே, தேசிய விடுமுறை அல்லாத ஒரு நாளில், பொதுவாக 21 முழு நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்புடன் அக்கூட்டம் நடைபெற வேண்டும். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் போதிய உறுப்பினர்கள் வந்து சேராவிட்டால் அதை ஒத்திவைக்க வேண்டும். இத்தனையும் சொன்ன சட்டம், வந்து அமர்ந்தவர்களுடைய மனம் எந்தப் பொழுதில் விழித்திருக்கும், எந்தப் பொழுதில் சோர்ந்துவிடும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது சட்டத்தின் காரியமும் அன்று. ஆனால் அந்த ஒரு விஷயத்தையே தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து, ஒவ்வொரு மாலையிலும் முகத்துக்கு முகம் பரீட்சித்து, தவறினால் அன்றைய தினமே தண்டனை பெற்று, அதனால் பழுத்த அனுபவம் அடைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மேடைக் கலைஞர்கள்.

விற்பனையாளர் மாநாடு, டீலர்கள் கூட்டம், ஆண்டு விழா, பொதுக்குழு என்று பல பெயர்களில் நம் நிறுவனங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை ஒன்றுதான். கலைஞன் கேட்பவனுடைய சிரத்தையை அளவுகோலாகக் கொண்டு நிகழ்ச்சியை அமைக்கிறான். நிறுவனமோ மேடையில் அமர்பவருடைய அந்தஸ்தை அளவுகோலாகக் கொள்கிறது. மற்றக் குறைகள் யாவும் இதிலிருந்து கிளைத்தவை என்பது என் அபிப்பிராயம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடியில் 1890-இல் பிறந்து 1967-இல் மறைந்த ராமானுஜ ஐயங்கார், இன்று நாம் கேட்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரியின் பத்ததியை நிலைநிறுத்தியவர் என்று சங்கீத உலகம் அவரைப் போற்றுகிறது. ஒரு ராகத்தையும் ஒரு பல்லவியையும் எடுத்துக்கொண்டு நீண்ட நேரம் வித்வத்தைக் காட்டுவது பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், பலவகை ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு சபாக்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள் என்பதை உணர்ந்து, முதலில் ஒரு வர்ணம், அதன்பின் விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள், நடுவில் ஆலாபனையும் நிரவலும் ஸ்வரமும் கொண்ட பிரதான உருப்படி, அதைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம், கடைசியில் மனத்துக்கு இதமான துக்கடாக்கள், மங்களம் என்று அவர் வகுத்த கிரமம், இத்தனை ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது என்றால், அதன் உள்ளே ஓடும் யுக்தியை ஆராய்வது பயனுள்ள காரியமே.

வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். அது நிகழும் சில நிமிஷங்களில் பாடகருடைய சாரீரம் இளகுகிறது. பக்க வாத்தியக்காரர்கள் ஒருவருக்கொருவர் இசைந்துகொள்கிறார்கள். மைக்கைக் கவனிப்பவர் வயலினுக்குச் சற்றுக் கூட்டியும் மிருதங்கத்துக்குச் சற்றுக் குறைத்தும் சமன் செய்கிறார். தாமதமாக வந்தவர்கள் இருக்கை தேடி அமர்கிறார்கள். ஆயினும் உரிய நேரத்தில் வந்தவர் எதையும் இழந்தவர் அல்லர். அவர் கேட்டது ஒரு முழுமையான உருப்படி. வராதவருக்காகக் காத்திருந்து வந்தவரைத் தண்டிப்பது நம் கூட்டங்களின் வழக்கம். இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்யும் ஆரம்பம் ஒன்று உண்டு என்பதை வர்ணம் காட்டுகிறது. நிறுவனம் ஒன்று தன் கூட்டத்தைச் சென்ற ஆண்டின் முக்கிய வேலைகளைக் காட்டும் ஐந்து நிமிஷப் படத்துடன் குறித்த நேரத்தில் தொடங்கிவிட்டால், அதே நியாயத்தை அதுவும் செய்ததாகும்.

இனி, நம் ஊர் டீலர்கள் கூட்டம் ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நட்சத்திர ஓட்டல் ஒன்றின் மண்டபம். பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள் ஒன்பதரைக்கே அமர்ந்துவிட்டார்கள். பத்தேமுக்காலுக்கு இறைவணக்கம், பிறகு குத்துவிளக்கு, அதை ஏற்றப் பதவி வரிசைப்படி ஐவர், மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போகிறது. வரவேற்புரையில் மேடையிலுள்ள ஒவ்வொருவருடைய பட்டமும் பதவியும் சொல்லப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் புகைப்படம். தலைமையுரை, முன்னிலை உரை, வாழ்த்துரைகள் நான்கு. வந்தவர்கள் அனைவரும் எதை அறிய வந்தார்களோ அந்தப் புதிய கமிஷன் விகிதமும் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் விதிகளும், ஒன்றேகால் மணிக்கு, பக்கத்து அறையில் சாப்பாட்டுப் பாத்திரங்களின் மூடிகள் திறக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கையில், ஓர் இளம் மேலாளரால் பவர்பாயின்டில் அவசர அவசரமாக ஓட்டப்படுகின்றன. பாவம், அவர் பல நாள் உழைத்துத் தயாரித்த பட்டியல் அது. கச்சேரி பாஷையில் சொன்னால், துக்கடாக்களை மூன்று மணி நேரம் பாடிவிட்டுப் பிரதான ராகத்தை மங்களத்தோடு சேர்த்து முடித்தது போன்ற காரியம் இது. விளக்கேற்றுவதும் விருந்தினரைக் கௌரவிப்பதும் நம் பண்பாட்டின் அழகுகள். அவற்றை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிஷத்துக்குள் அவற்றை அடக்கி, பதினொரு மணிக்குள் பிரதான விஷயத்தைத் தொட்டுவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

கச்சேரியிலும் குறை உண்டு. அதிலிருந்தும் பாடம் உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் சபாக்களில் ஒரு பகுதியினர் எழுந்து கேண்டீனை நோக்கிச் செல்வதை மார்கழி சீசனில் யாரும் காணலாம். மிருதங்க வித்வானும் கட வித்வானும் கணக்கும் கற்பனையுமாகத் தங்கள் ஆயுட்கால சாதகத்தை அந்தச் சில நிமிஷங்களில் எடுத்து வைக்கையில் நாற்காலிகள் காலியாவது மனத்தை வருத்தும் காட்சி. அதற்குக் காரணம் லய ஞானக் குறைவு மட்டும் அன்று. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் எழுந்து செல்ல அனுமதிக்கப்பட்ட இடைவேளை ஒன்றும் இல்லாததால், ஜனங்கள் தாங்களாகவே ஓர் இடைவேளையைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கூட்டம் நடத்துவோர் கவனிக்க வேண்டியது இதுவே: நாம் கொடுக்காத ஓய்வை அவர்கள் எடுத்துக்கொண்டே தீருவார்கள், எங்கே எடுப்பது என்பதை மட்டும் நம்மிடம் கேட்க மாட்டார்கள். தணிக்கையாளர் அறிக்கையோ, பாதுகாப்பு விதிகள் பற்றிய உரையோ அவர்களுடைய தனி ஆவர்த்தனம் ஆகிவிடாமல் இருக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் காப்பிக்கென்று பதினைந்து நிமிஷம் விட்டுவிடுவது நல்லது.

காலத்தைப் பற்றிப் பேசும்போது பம்மல் சம்பந்த முதலியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே நாடகங்கள் எழுதி நடித்த அவர், விடிய விடிய நடந்துவந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, குறித்த வேளையில் திரையைத் தூக்குவதை ஒரு விரதமாகவே கொண்டார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் நாடகக் கொட்டகைக்கு மரியாதையுடன் வரத் தொடங்கியதில் இந்த ஒழுங்குக்கும் பங்கு உண்டு. மறுநாள் நீதிமன்றத்துக்கோ காரியாலயத்துக்கோ செல்ல வேண்டியவனுக்கு எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் எப்போது வரலாம் என்று தோன்றும். நம் அழைப்பிதழ்களில் ஆரம்ப நேரம் மட்டுமே அச்சாகிறது. முடிவு நேரத்தை அச்சிட்டு, அதைக் காப்பாற்றிக் காட்டும் நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு கூட்டம் தானாகவே வரும்.

தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்தவர்கள், கூட்டங்களில் அறிவிப்பாளர் என்று ஒருவரை நிறுத்துவதன் உண்மையான பிரயோஜனத்தை எளிதில் உணர்வார்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் பாடிக்கொண்டே வருகையில், யார் நீர், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்று சபையோரின் சார்பில் கேட்பவன் அவன். கதை சிக்கலாகும்போது எளிய பேச்சில் அவிழ்ப்பவனும், நடுநிசியில் கண்ணயர்ந்த கிராமத்தாரைச் சிரிக்கவைத்து எழுப்புபவனும் அவனே. அவன் மேடையில் நின்றாலும் கீழே இருப்பவர்களுடைய பிரதிநிதி. நிறுவனத்தின் அறிவிப்பாளர் அடுத்து வருபவரின் புகழைப் படிப்பதோடு நின்றுவிடுகிறார். இவர் இப்போது எதைப் பற்றிச் சொல்லப்போகிறார், அது உங்கள் வேலையில் எதை மாற்றும் என்று இரண்டே வாக்கியம் சொல்லக்கூடியவரை, குரல் வளத்துக்காக அன்றி விஷய ஞானத்துக்காகத் தேர்ந்தெடுத்து நிறுத்தினால், பாதிச் சோர்வு நீங்கிவிடும்.

ஒத்திகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த சிறுவர் நாடகக் குழுவான பால சபையில் பயின்றவர்களே பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்களாகப் புகழ்பெற்றார்கள், பாடம் மனப்பாடமாகாமல் மேடையேறுவது அத்தகைய நாடகக் கம்பெனிகளில் நினைத்தும் பார்க்க முடியாதது. நம் பேச்சாளரோ தம்முடைய படங்கள் அந்தத் திரையில் தெரியுமா, பின்வரிசைக்கு எழுத்துப் புலப்படுமா என்பதை முந்நூறு பேர் முன்னிலையில்தான் முதன்முதலாக அறிகிறார்.

மேடைத் தொழில் மிகுந்த விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, சிகாகோ நகரில் திறந்து சில வாரங்களே ஆகியிருந்த இரோக்வாய் தியேட்டரில், விடுமுறைக்கால நாடகம் பார்க்கக் குழந்தைகளும் தாய்மார்களும் நிறைந்திருந்த பிற்பகல் காட்சியில், மேடை விளக்கிலிருந்து கிளம்பிய தீ துணிகளைப் பற்றிக்கொண்டது. தீயைத் தடுக்க வேண்டிய திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளிவாசல்கள் சில திரைச்சீலைகளால் மறைந்திருந்தன, சிலவற்றின் தாழ்ப்பாள்களைத் திறக்கும் விதம் யாருக்கும் தெரியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீப்பிடிக்கவே இயலாத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்ட இடம் அது. நம் ஓட்டல் மண்டபங்களில் பின்னணித் துணியும் பிளெக்ஸ் பலகையும் வெளிவாசலை மறைத்துக் கட்டப்படுவதையும், கூடுதல் நாற்காலிகள் நடைவழியில் போடப்படுவதையும் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிற்பகல் நினைவுக்கு வருகிறது. கூட்டப் பொறுப்பாளர் ஒருவர் தொடக்கத்துக்கு ஒரு மணி முன்னதாக ஒவ்வொரு வாசலுக்கும் தாமே நடந்து சென்று, கதவைத் தம் கையால் தள்ளித் திறந்து பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, கேள்வி நேரம். கச்சேரியில் பிரதான உருப்படி முடிந்தபின் முன்வரிசையிலிருந்தும் பின்வரிசையிலிருந்தும் சிறு சீட்டுகள் கைமாறிக் கைமாறி மேடையை அடைவதைப் பார்த்திருப்பீர்கள். விரும்பும் பாட்டின் பெயரை எழுதி ரசிகர் அனுப்பும் சீட்டு அது. வித்வான் அதை எடுத்துப் படித்து, காலத்தையும் ராகத்தையும் யோசித்து, ஒன்றையோ இரண்டையோ பாடுகிறார். எல்லாச் சீட்டுகளுக்கும் பாட முடியாது என்பது அனுப்பியவருக்கும் தெரியும். ஆயினும் தன் கையெழுத்து மேடையை எட்டியது என்ற திருப்தி அவருக்கு உண்டு. கம்பெனிக் கூட்டங்களில் கேள்வி நேரம் எல்லாவற்றுக்கும் பின்னால், நன்றியுரைக்கு முன்னால், பெரும்பாலும் நேரமின்மையால் வெட்டப்படும் இடத்தில் வைக்கப்படுகிறது. வெட்டப்படாதபோதும், உரத்த குரலுடைய இருவர் மைக்கைப் பற்றிக்கொள்ள, கூச்ச சுபாவமுள்ளவர்களின் சந்தேகங்கள் வந்த வழியே ஊருக்குத் திரும்புகின்றன. காப்பி வேளையில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சீட்டும் பென்சிலும் வைத்து, வந்தவற்றை விஷயவாரியாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முந்திய அரை மணியை அவற்றுக்கே ஒதுக்கி, நிர்வாக இயக்குநரே படித்துப் பதில் சொல்வதில் சிரமம் ஏதும் இல்லை. நேரம் போதாமல் எஞ்சிய சீட்டுகளுக்கு எழுத்து மூலமான பதிலை ஒரு வாரத்துக்குள் அந்தந்த ஊர்க் கிளைக்கு அனுப்பிவிடலாம்.