மேகத்தில்தான் இருக்கிறதே, அழித்தால் என்ன?

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜூன் விடுமுறைக்கு முந்திய வாரம், அவருடைய கைக்கணினியில் "இடம் போதவில்லை" என்ற அறிவிப்பு வருகிறது. எது அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறார். நான்கு பேர் சேர்ந்து செய்யும் அறிவியல் திட்டப்பணியின் கோப்புறை. அதில் சோதனைக் காணொளிகள், அளவீட்டு அட்டவணைகள், பாதி எழுதிய அறிக்கை எல்லாம் இருக்கின்றன. அந்தக் கோப்புறை அவருடைய சொந்த கூகல் டிரைவ் கணக்கில் உள்ளது. மற்ற மூவரும் அதைப் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள்.

"எல்லாம் மேகத்தில் இருக்கிறதே, இங்கே அழித்தால் என்ன?" என்று நினைத்து, கோப்புறையை அழித்துவிடுகிறார். இடம் கிடைத்துவிடுகிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால் கோப்புறை அங்கும் இல்லை. நண்பர்களிடமும் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை. நான்கு பேரின் பல வார உழைப்பு போய்விட்டது.

செயலி பழுதாகவில்லை. யாரும் ஊடுருவவும் இல்லை. செயலி, தான் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த வேலை என்ன என்பதை மாணவி தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். அந்த வேலையின் பெயர் ஒத்திசைவு. நம்மில் பலர் அதைக் காப்புநகல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கண்ணாடியும் புகைப்படமும்

ஒத்திசைவு ஒரு கண்ணாடியைப் போன்றது. நீங்கள் இந்த நொடியில் எப்படி இருக்கிறீர்களோ, அப்படியே காட்டும். நெற்றியில் இருக்கும் பொட்டைக் கலைத்தால் கண்ணாடியிலும் பொட்டு கலைந்துவிடும். காப்புநகல் ஒரு புகைப்படத்தைப் போன்றது. நேற்று எடுத்த படத்தில் நேற்றைய பொட்டு அப்படியே இருக்கும். இன்று நீங்கள் என்ன செய்தாலும் அது மாறாது.

கூகல் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட், டிராப்பாக்ஸ் போன்ற சேவைகளின் முதன்மையான வேலை, எல்லாச் சாதனங்களிலும் ஒரே நிலையைக் காட்டுவது. கைக்கணினியில் திருத்திய வரி மடிக்கணினியிலும் திருந்தியிருக்க வேண்டும். அது மிகவும் வசதியானதுதான். ஆனால் அழிப்பதும் ஒரு திருத்தமே!

மாற்றம் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது?

ஆயிரக்கணக்கான கோப்புகளில் எது மாறியது என்று செயலிக்கு எப்படித் தெரிகிறது? ஒரு கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் அதன் அளவையும் பார்ப்பது ஒரு வழி. இன்னும் உறுதியான வழி, கோப்பின் 'விரல்ரேகை'யை எடுப்பது. கோப்பில் உள்ள எல்லாத் தரவையும் ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தினால், நிலையான நீளமுள்ள ஒரு குறியீடு கிடைக்கும். 'ஷா-256' என்ற முறையில் அது எண்களும் எழுத்துகளும் கலந்த 64 குறிகளாக எழுதப்படும். ஒரு பக்கக் கட்டுரையும் ஒரு மணி நேரக் காணொளியும் இதே 64 குறிகளையே தரும். ஆனால் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும்.

பெரிய கோப்பை முழுமையாக அனுப்பத் தேவையில்லாதபடி, அதைத் துண்டுகளாகவும் பிரிக்கலாம். டிராப்பாக்ஸ் ஒரு துண்டுக்கு 4 மெகாபைட் வரை எடுத்துக்கொள்கிறது. 200 மெகாபைட் காணொளி என்றால் 50 துண்டுகள். அவற்றில் ஒரே ஒரு துண்டின் விரல்ரேகை மட்டும் மாறியிருந்தால், அந்த ஒன்றை அனுப்பினால் போதும். பெரிய கோப்பும் சில நொடிகளில் ஒத்திசைவதற்கு இதுவே காரணம்.

இப்போது அந்த மாணவி செய்ததை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை பட்டியலில் இருந்த கோப்புறை இன்று இல்லை. அவர் இடத்தை மிச்சப்படுத்த அழித்தாரா, தவறுதலாக அழித்தாரா, உண்மையிலேயே வேண்டாம் என்று அழித்தாரா என்பது செயலிக்குத் தெரியாது. "கோப்புறை அழிக்கப்பட்டது" என்ற செய்தியை அது மற்ற சாதனங்களுக்கும் அனுப்பியது. அப்படி அனுப்பாவிட்டால், நாம் வேண்டாம் என்று அழித்த கோப்புகள் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்து நிற்கும்.

கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்களிலும் இதே ஆபத்து உண்டு. அவை கோப்புகளைப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிடும். ஒத்திசைவுச் செயலியின் பார்வையில் அதுவும் ஒரு புதிய திருத்தம்தான்.

30 நாள் கெடு

இந்தச் சேவைகள் ஒரு பாதுகாப்பு வலையும் வைத்திருக்கின்றன. கூகல் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அதற்குள் மீட்டெடுக்கலாம். கூகல் டாக்சில் எழுதிய ஆவணத்தை 'பதிப்பு வரலாறு' மூலம் முந்திய நிலைக்குக் கொண்டுபோகலாம். நண்பர் ஒருவர் உங்கள் பத்தியைத் தவறுதலாக அழித்துவிட்டால் பதற வேண்டியதில்லை.

ஆனால் வலைக்கும் எல்லை உண்டு. நம் மாணவி அழித்தது விடுமுறைக்கு முந்திய வாரத்தில். ஜூன் விடுமுறை நான்கு வாரம். அவர் தேடிப் பார்ப்பதற்குள் 30 நாள் கடந்துவிட்டது. பள்ளி வழங்கிய கணக்காக இருந்தால், தொட்டி காலியான பிறகும் சில நாள்வரை நிர்வாகியால் மீட்க முடியலாம். எனவே, பள்ளிக் கணக்கில் கோப்பு தொலைந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாதீர்கள். அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

உண்மையில் அவர் செய்திருக்க வேண்டியது வேறு. ஐகிளவுடில் 'பதிவிறக்கத்தை அகற்று', கணினியில் உள்ள ஒன்டிரைவில் 'இடத்தை விடுவி' என்ற பொருளில் தனித் தெரிவுகள் உள்ளன. அவை சாதனத்தில் இருக்கும் பிரதியை மட்டும் நீக்கும். மேகத்தில் உள்ளது அப்படியே இருக்கும். 'அழி' என்பதும் 'இந்தச் சாதனத்திலிருந்து அகற்று' என்பதும் ஒன்றல்ல. அழுத்துவதற்கு முன் அந்தச் சொற்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

பெரிய நிறுவனத்துக்கும் நேர்ந்தது

மாணவர்கள் மட்டும்தான் இப்படித் தவறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. யாரோ கணினியில் தவறான இடத்தில் ஓர் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். வூடி பாத்திரத்தின் தொப்பி முதலில் மறைந்தது, பிறகு வூடியே மறைந்தான். ஊழியர்கள் ஓடிப்போய்க் கணினியை நிறுத்துவதற்குள் படத்தின் ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்துவிட்டது.

காப்புநகலை எடுத்துப் பார்த்தார்கள். அது பல நாளாகவே சரியாகப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் அதுவரை அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு வீட்டுக் கணினி. படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கெலின் சஸ்மன், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அதற்காகப் படத்தின் நகலை அவ்வப்போது வீட்டுக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தார். அழிப்புக் கட்டளை அந்தக் கணினியை எட்டவில்லை. அதைப் போர்வைகளால் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. காப்புநகல் தனித்து இருக்க வேண்டும். அது திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. 3-2-1 விதி என்று பெயர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதைப் பரவலாக்கினார். ஒரு கோப்புக்கு 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இது செலவு வைக்காது. மடிக்கணினியில் ஒரு பிரதி. வீட்டு மேசையில் இருக்கும் ஒரு விரலியில், அதாவது தம்டிரைவில், இன்னொரு பிரதி. மேகத்தில் மூன்றாவது. இவற்றில் விரலிதான் உங்கள் 'புகைப்படம்'. நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் கணினிக்கு நேர்வது அதற்கும் நேரலாம். மடிக்கணினி இருக்கும் பையிலேயே அதையும் போடாதீர்கள். பை தொலைந்தால் இரண்டும் தொலையும்.

ஒவ்வொரு முறையும் பழைய கோப்பின் மேலேயே நகலெடுக்காமல், தேதியைப் பெயராக வைத்துப் புதிய கோப்புறை தொடங்குங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி அவற்றைத் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். விரலியும் நிரந்தரமானதன்று. அதன் நுண்ணறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமே உங்கள் தரவு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெல்லக் கசியும். எனவே முக்கியமானவற்றை அவ்வப்போது புதிதாகப் பதியுங்கள்.

இந்த வாரக் கடைசியில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். தொலைந்தால் நீங்கள் மிகவும் வருந்தக்கூடிய கோப்பு எது என்று யோசியுங்கள். பள்ளித் திட்டப்பணியாக இருக்கலாம், தாத்தா பாட்டியின் படங்களாகவும் இருக்கலாம். அதை ஒரு விரலியில் நகலெடுங்கள். பிறகு அந்த விரலியை வேறொரு கணினியில் செருகி, கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால், கோப்புறை யாருடைய கணக்கில் இருக்கிறது, தனி நகல் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் திங்கட்கிழமையே நண்பர்களிடம் கேளுங்கள்.