ஒரே இடத்தில் 2 வாஷ்பேசின்... காசு யாருடையது? - 'ரெவிட்' பயனாளர்களுக்கான டிப்ஸும் இலவச ஆட்-இன்களும்

ஓஎம்ஆரில் மெட்ரோ பணிகளுக்கு நடுவே ஊர்ந்து, பெருங்குடியில் இறங்கி ஐடி கார்டை மாட்டிக்கொள்ளும் எல்லோரும் கோடிங் எழுதுபவர்கள் அல்ல. அவர்களில் ஒரு பகுதியினர் கட்டடம் 'கட்டுபவர்கள்'. சிமென்ட், கம்பி எதையும் தொடாமல், இரண்டு மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்து துபாய் டவரின் ஏசி டக்ட்டையும், லண்டன் மருத்துவமனையின் தண்ணீர்க் குழாயையும் இடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் செய்யும் வேலைக்குப் பெயர் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். சுருக்கமாக 'பிம்'.

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் மென்பொருள்களில் ஒன்று ரெவிட். அதைச் சரியாகப் பயன்படுத்த சில வழிகளும், வேலையைச் சுலபமாக்கும் சில ஆட்-இன்களும் இருக்கின்றன. இவற்றைத் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். தெரியாமல் போனால் என்ன ஆகும்? சைட்டில் சுவரை உடைக்க வேண்டிவரும்.

பிம் அப்படின்னா என்ன?

ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு கோடுகள். அது சுவர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ரெவிட்டில் சுவர் என்றால் சுவர்தான். அதன் தடிமன், உயரம், எந்த மெட்டீரியல், தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பிளானில் ஒரு கதவை நகர்த்தினால் செக்‌ஷன், எலிவேஷன், கதவுப் பட்டியல் எல்லாவற்றிலும் அது தானாக மாறும்.

இந்த யோசனைக்கு வயது 50-க்கு மேல். அமெரிக்கப் பேராசிரியர் சக் ஈஸ்ட்மேன் 1970-களிலேயே இதற்கு அடித்தளம் போட்டார். 1980-களில் ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 'ஆர்க்கிகேட்' மென்பொருளைக் கொண்டுவந்தது. ரெவிட்டின் முதல் பதிப்பு 2000-ல் வெளியானது. 2002-ல் 13.3 கோடி டாலருக்கு அதை ஆட்டோடெஸ்க் வாங்கியது.

சென்னைக்கு ஏன் இந்த வேலை வருகிறது?

பல நாட்டு அரசுகள் பிம்மைக் கட்டாயமாக்கியதும் ஒரு முக்கியக் காரணம். சிங்கப்பூர் 2013-ல் பெரிய கட்டடங்களுக்கும், 2015-ல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கும் பிம் மாடலாகவே அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. துபாய் மாநகராட்சி 2014 முதல் 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் மத்திய அரசுத் திட்டங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ, செலவையும் கால அட்டவணையையும் மாடலோடு இணைக்கும் '5டி பிம்' முறையைப் பயன்படுத்தியது.

துபாய்க்கும் சென்னைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனுக்கு நான்கரை அல்லது ஐந்தரை மணி நேரம். அங்கே ஆபீஸ் திறக்கும்போது இங்கே ஃபைல் ரெடியாக இருக்கும்.

மென்பொருளே எல்லாம் செய்யாதா? ஆட்-இன் எதற்கு?

ரெவிட் விலை அதிகம். 2016-க்குப் பிறகு ஒரேயடியாகப் பணம் கட்டி வாங்க முடியாது, சந்தாதான். 2020 ஜூலையில் ஜஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா உள்ளிட்ட முன்னணி நிறுவனங்கள் ஆட்டோடெஸ்க் தலைமைச் செயல் அதிகாரிக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதின. 'விலை ஏறுகிறது, ரெவிட்டின் வளர்ச்சியோ போதவில்லை' என்பதுதான் அதன் சாரம்.

அந்த இடைவெளியை நிரப்புபவைதான் ஆட்-இன்கள். ரெவிட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி மென்பொருள்கள் இவை. ஆனால், ஆட்-இன் போடும் முன் ரெவிட்டுக்குள் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்துவிடலாம்.

செலவே இல்லாத 6 டிப்ஸ்

1. வார்னிங்கை மூடிவிட்டுப் போகாதீர்கள். மேனேஜ் டேபில் வார்னிங்ஸ் பட்டியல் இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று, ஒரே இடத்தில் ஒரே பொருள் இரண்டு முறை இருக்கிறது என்ற எச்சரிக்கை. காப்பி பேஸ்ட் செய்யும்போது ஒரு வாஷ்பேசின் மேலேயே இன்னொரு வாஷ்பேசின் உட்கார்ந்துவிடும். திரையில் ஒன்றுதான் தெரியும். ஆனால், பட்டியலில் 2 என்று கணக்காகும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் கொள்முதல் நடக்கிறது என்றால், இல்லாத பொருளுக்கு யாரோ காசு கட்டப்போகிறார்கள்.

2. சென்ட்ரல் ஃபைலை நேரடியாகத் திறக்காதீர்கள். குழுவாக வேலை செய்யும்போது ஒரு மைய ஃபைல் இருக்கும். ஒவ்வொருவரும் அதன் லோக்கல் காப்பியில் வேலை செய்து, பிறகு 'சிங்க்' செய்ய வேண்டும். யாராவது மைய ஃபைலையே திறந்து உட்கார்ந்தால், 'யாருப்பா சென்ட்ரலைத் திறந்தது?' என்ற குரல் ஃப்ளோர் முழுக்கக் கேட்கும். சிங்க் செய்வதற்கு முன் ஆர்-எல் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டினால், மற்றவர்கள் செய்த மாற்றங்கள் உங்கள் காப்பிக்கு வந்துவிடும். எல்லோரும் 6 மணிக்கு ஒரே நேரத்தில் சிங்க் கொடுக்காமல், முறைவைத்துக் கொடுப்பது நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகளில் தண்ணீர் சூழ்ந்தது, மின்சாரமும் போனது. அப்படி ஒரு நாளில், சிங்க் செய்யாத வேலை பூட்டிக்கிடக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மழைக்கால எச்சரிக்கை வந்தால் முதலில் சிங்க், பிறகுதான் வீடு.

3. பதிப்பைக் கேட்காமல் ஃபைலைத் திறக்காதீர்கள். ரெவிட் 2024-ல் செய்த ஃபைலை 2025-ல் திறந்து சேவ் செய்துவிட்டால் மறுபடி 2024-க்குப் போகவே முடியாது. 'பழைய பதிப்பில் சேவ்' என்ற வசதியே ரெவிட்டில் கிடையாது. ஒருவர் செய்யும் இந்தத் தவறால் மொத்த டீமும் நின்றுவிடும்.

4. கேட் ஃபைலை இம்போர்ட் செய்யாமல் லிங்க் செய்யுங்கள். இம்போர்ட் செய்து 'எக்ஸ்ப்ளோட்' கொடுத்தால் நூற்றுக்கணக்கான தேவையற்ற கோட்டு வகைகள் மாடலுக்குள் புகுந்துவிடும். லிங்க் என்றால் வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

5. பர்ஜ் ஒருமுறை போதாது. பயன்படாத ஃபேமிலிகளை நீக்கும் 'பர்ஜ் அன்யூஸ்டு' கட்டளையை, நீக்க ஒன்றுமில்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஒரு ஃபேமிலியை நீக்கிய பிறகுதான் அது பிடித்துவைத்திருந்த மெட்டீரியல் விடுபடும்.

6. கீபோர்டைப் பழகுங்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து பி-எக்ஸ் தட்டினால் அதைச் சுற்றி மட்டும் 3டி-யில் வெட்டிக் காட்டும். சி-எஸ் தட்டினால் அதே மாதிரி இன்னொன்றை வைக்கலாம். எஸ்-ஏ தட்டினால் அதே வகைப் பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வாகும். கே-எஸ் தட்டினால் மொத்த ஷார்ட்கட் பட்டியலும் வரும். அதில் உங்களுக்கு வசதியான எழுத்துகளை நீங்களே மாற்றியும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஆட்-இன்களைப் போடலாம்?

பைரெவிட்: இஹ்சான் ஈரான்-நெஜாத் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய இலவச, ஓப்பன் சோர்ஸ் கருவி. நூறு ஷீட்களை ஒரே தட்டில் உருவாக்குவது, பல ஷீட்களில் ஒரே நேரத்தில் ரிவிஷன் போடுவது போன்ற வேலைகளுக்குத் தயாராகப் பொத்தான்கள் இருக்கும். பைத்தான் தெரிந்தவர்கள் சொந்தப் பொத்தானையும் சேர்க்கலாம்.

டைனமோ: ரெவிட்டுடனேயே வருகிறது. கோடிங் தெரியாதவர்கள்கூட பெட்டிகளைக் கம்பியால் இணைப்பதுபோல இணைத்து வேலையைத் தானியங்கி ஆக்கலாம். ஒருவர் செய்துவைத்ததை, டைனமோ பிளேயர் மூலம் மற்றவர்கள் ஒரே கிளிக்கில் இயக்கலாம்.

ஷீட்லிங்க், புரோஷீட்ஸ்: டிரூட்ஸ் நிறுவனத்தின் இலவச ஆட்-இன்கள். முதலாவது, ரெவிட் தகவல்களை எக்ஸெலுக்கு எடுத்து, திருத்தி, திரும்ப மாடலுக்குள் ஏற்றும். இரண்டாவது, ஷீட்களை மொத்தமாக பிடிஎஃப், கேட் ஃபைல்களாக மாற்றும். வெறும் பிடிஎஃப் மட்டும் போதும் என்றால் ரெவிட் 2022 முதல் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது.

ரெவிட் லுக்-அப்: ஒரு பொருளுக்குள் என்னென்ன தகவல் ஒளிந்திருக்கிறது என்று திறந்து காட்டும் இலவசக் கருவி. ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு மிகவும் உதவும்.

குழாயும் பீமும் மோதினால்?

இதைக் கண்டுபிடிப்பதற்கு 'கிளாஷ் டிடெக்‌ஷன்' என்று பெயர். பெரிய திட்டங்களில் நேவிஸ்வொர்க்ஸ் பயன்படுத்துவார்கள். அந்த லைசென்ஸ் இல்லாதவர்கள், ரெவிட்டின் கொலாபரேட் டேபில் இருக்கும் 'இன்டர்ஃபெரன்ஸ் செக்'கை வைத்தே முதல்கட்டச் சோதனையைச் செய்யலாம்.

மோதலைக் கண்டுபிடிப்பது மென்பொருளின் வேலை. எதை நகர்த்துவது என்பது மனிதரின் வேலை. கழிவுநீர்க் குழாய் சரிவில்தான் ஓடும். 100-க்கு 1 சரிவு என்றால் 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. இறங்கும். அதை மேலே தூக்கினால் தண்ணீர் போகாது. அதனால் முதலில் நகர வேண்டியது வளைத்துக் கொண்டுபோகக்கூடிய கேபிள் ட்ரே, அழுத்தத்தில் ஓடும் சிறிய குழாய்கள். பீமைத் துளைப்பது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் ஒப்புதல் இல்லாமல் நடக்கவே கூடாது.

ஆட்-இன் விஷயத்தில் எங்கே கவனம் தேவை?

முதலில், காப்பியில் சோதனை. ஆயிரம் கதவுகளின் எண்ணை ஒரு நொடியில் சரியாக மாற்றும் அதே கருவி, ஆயிரம் எண்களையும் ஒரு நொடியில் தப்பாகவும் மாற்றும். மையத்திலிருந்து 'டிடாச்' செய்த காப்பியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நிஜ ஃபைலுக்குப் போகலாம். டைனமோவை எப்போதும் 'மேனுவல்' முறையில் வைத்திருப்பதும் பாதுகாப்பு.

இரண்டாவது, அளவு. ரெவிட் உள்ளுக்குள் நீளத்தை அடியில்தான் கணக்கு வைக்கிறது. பைத்தான் ஸ்கிரிப்ட்டில் மில்லிமீட்டர் என்று நினைத்து 3,000 கொடுத்தால், 3 மீட்டர் சுவர் 914 மீட்டருக்கு எழும்பும். புர்ஜ் கலிஃபாவே 828 மீட்டர்தான்!

மூன்றாவது, நம்பகத்தன்மை. புதிய ஆட்-இன் போட்டதும் 'இதை எப்போதும் அனுமதிக்கவா?' என்று ரெவிட் கேட்கும். படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள். ஆட்-இன்னுக்கு உங்கள் கணக்கில் இருக்கும் அதிகாரம் எல்லாம் உண்டு. அது ஃபைலைப் படிக்கலாம், இணையத்துக்கும் அனுப்பலாம். கிளையண்டின் மருத்துவமனையோ விமான நிலையமோ அந்த ஃபைலில் இருக்கும்போது, ஐடி டீமிடம் கேட்டுவிட்டுப் போடுவதுதான் சரி.

நான்காவது, பதிப்பு. ரெவிட் 2025-ல் அடிப்படைத் தொழில்நுட்பம் டாட்நெட் 8-க்கு மாறியது. அதனால் பழைய பதிப்புக்கு எழுதிய ஆட்-இன்களை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டியிருந்தது. பதிப்பு மாறும் முன், உங்கள் ஆட்-இன்களும் தயாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராக் வெர்ஷன் போட்டால் என்ன?

வீட்டில் கற்றுக்கொள்ளத்தானே என்று பலர் நினைக்கிறார்கள். காப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 63பி-யின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

அதற்குத் தேவையே இல்லை. மாணவர்களுக்கு ரெவிட்டின் கல்வி லைசென்ஸ் இலவசம், ஆனால் அதில் சம்பள வேலை செய்யக் கூடாது. படிப்பை முடித்தவர்கள் பிளெண்டரில் இயங்கும் 'போன்சாய்' என்ற இலவச ஆட்-இன்னைப் பழகலாம். முன்பு பிளெண்டர்பிம் என்ற பெயரில் இருந்தது இதுதான். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஐஎஃப்சி என்ற பொது ஃபைல் வடிவத்தில் இது நேரடியாக வேலை செய்யும். ஐஎஃப்சி தெரிந்திருந்தால், வேறு மென்பொருள் பயன்படுத்தும் கிளையண்டோடும் தடையில்லாமல் வேலை பார்க்கலாம்.

இதெல்லாம் நம் வேலைக்கே உலை வைக்காதா?

ஷீட் போடுவது, எண் மாற்றுவது, பிடிஎஃப் எடுப்பது மட்டும்தான் ஒருவருடைய வேலை என்றால், அந்தக் கவலை நியாயமானதே. ஒரு பொத்தான் அதைச் செய்துவிடும். ஆனால், அந்தப் பொத்தான் கொடுத்த ரிசல்ட் சரியா என்று பார்க்கவும், எந்தக் குழாயை நகர்த்தலாம் என்று முடிவெடுக்கவும், சைட்டிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்லவும் கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்த ஆள் வேண்டும். மென்பொருளோடு சேர்த்து, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஒரு சைட்டை நேரில் பார்த்துவருவதும் இந்த வேலையில் ஒரு தகுதிதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று குழம்ப வேண்டாம். நாளைக்கு ஆபீஸ் போனதும் வார்னிங்ஸ் பட்டியலைத் திறந்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரட்டையாக உட்கார்ந்திருக்கும் பொருள்களை முதலில் நீக்குங்கள். வாரக் கடைசியில் மறுபடி எண்ணிப் பாருங்கள், குறைந்திருக்கிறதா என்று.