கொல்லைக் கோழியும் பக்கத்து வீட்டாரும்

பத்து நாட்டுக் கோழி வளர்க்கப் பெரிய முதலோ இடமோ தேவையில்லை. வீட்டில் மீந்த சோறும், களத்தில் சிந்திய தானியமும், எருக்குழிப் புழுவும் தீவனத்தில் பெரும் பங்கை ஈடுசெய்துவிடும். முட்டைக்கும் இறைச்சிக்கும் ஆண்டு முழுதும் கிராக்கி உண்டு. ஆகவே சிறு விவசாயிகளுக்குக் கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு ஏற்ற துணைத்தொழில் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோழிக்குப் பட்டாவும் தெரியாது, வரப்பும் தெரியாது. கோழி வளர்ப்பில் நோய்க்கு அடுத்தபடியாக இடைஞ்சல் தருவது இதுதான்.

நீர் தெளித்துப் பொடியாக்கிய மண்ணைக் கண்டால் கோழி கிளறாமல் இராது. இது அதன் குறும்பு அன்று. அதன் மேய்ச்சல் முறையே அப்படித்தான். புழு, கறையான், முளைவிட்ட விதை முதலியவற்றை மேல் மண்ணைச் சீய்த்துத்தான் அது எடுத்தாக வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே கிடைக்கும் இடம் புதிதாகப் போட்ட நாற்றுப்பாத்தி. கீரைப் பாத்தி என்றால் மறுபடி விதைத்துக் கொள்ளலாம். மிளகாய், கத்தரி நாற்று அழிந்தால் நடவே மூன்று, நான்கு வாரம் தள்ளிப் போகும். “கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?” என்பார்கள். குஞ்சு முடமாகாது; நாற்று முடமாகும்.

பட்டியில் அடைக்க முடியாத பிராணி

அடுத்தவர் மாடோ ஆடோ பயிரில் இறங்கினால் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இதற்கு வழி செய்கிறது. அச்சட்டம் ‘கால்நடை’ என்பதில் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றைச் சேர்த்துக் கூறுகிறது. கோழி அதில் இல்லை. நட்டஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு பாத்தி நாற்றுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்?

மாட்டுத் தகராறில் பட்டி, அபராதம் என்று நடுவே ஒரு படி இருக்கிறது. கோழித் தகராறில் அது இல்லை. வாய்ச்சண்டை இரண்டு மூன்று முறை நடக்கும், அடுத்தது கல்லெறி, அதற்கும் அடுத்தது பூச்சிமருந்து கலந்த அரிசி. பல ஊர்களில் இரண்டு குடும்பங்கள் தலைமுறைப் பகையாவது இப்படித்தான்.

நஞ்சு வைப்பது ஆத்திரத்தில் செய்யும் சிறு பிழை அன்று, குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, எந்தப் பிராணியையும் கேடு செய்யும் கருத்துடன் கொல்வது, நஞ்சிடுவது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிராணியின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேலா, 50 ரூபாய்க்கு மேலா என்ற கணக்கு இருந்தது. இப்போது அந்தக் கணக்கு இல்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நஞ்சு தின்ற கோழி வேறொரு கொல்லையில் போய் விழும். நோய்க் கோழி என்று எண்ணி அவசரமாக அறுத்துச் சமைப்பவர்களும் உண்டு. மருந்து கலந்த அரிசி கிடக்கும் இடத்தில்தான் தவழும் குழந்தையும் விளையாடுகிறது.

கோழி வளர்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஈயும் நாற்றமும் பொதுமக்களுக்குத் தொல்லையாக வளர்ந்தால், அதை நீக்குமாறு உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் இருப்போர் கூண்டு கட்டுமுன் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக் கொள்வது நலம். வாடகை வீடாயின் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும்.

எப்போது திறந்து விடுவது?

என் கருத்தில், கோழித் தகராறுகளில் பாதி திறந்து விடும் நேரத்தைச் சரிசெய்வதாலேயே தீரும். விடிந்ததும் பசியோடு திறந்து விடப்படும் கோழி நேரே அடுத்த கொல்லைக்குத்தான் ஓடும். பெரும்பாலான கோழிகள் முற்பகலில் முட்டையிடுபவை. ஆகவே காலை 10 மணி வரை கூண்டிலேயே வைத்து, தண்ணீரும் ஒரு கை தானியமும் கொடுத்து, வைக்கோல் பரப்பிய பழைய கூடை ஒன்றை முட்டையிட வைத்துவிடுங்கள். முட்டை உங்கள் வீட்டிலேயே இருக்கும். பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் கிடைத்த முட்டை யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்கும் இடமிராது. மாலையில் தீவனத்தைக் குறித்த நேரத்தில், ஒரே குரல் கொடுத்துப் போட்டுப் பழக்கினால், கோழிகள் இருட்டுமுன் தாமே திரும்பிவிடும்.

பக்கத்துக் கொல்லையில் விதைப்பு நடக்கும்போது நேரக் கட்டுப்பாடு மட்டும் போதாது. நிலக்கடலை முளைத்து வெளிவர ஒரு வாரம் ஆகும்; மிளகாய்க்குச் சற்றுக் கூடுதலாகும். நாற்று வேரூன்றும் வரை, அதாவது இரண்டு வாரம், கோழிகளை அடைத்தே வைக்க வேண்டும். இரவில் அடைய ஒரு கோழிக்கு 1 சதுர அடி போதும். பகலிலும் அடைப்பதாயின் 2 சதுர அடியாவது வேண்டும். வளர்ந்த நாட்டுக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் தீவனம் தின்னும். பத்துக் கோழிக்கு இரண்டு வாரத்துக்குப் பத்தரைக் கிலோ ஆகிறது. கம்பு, சோளக் குருணை, தவிடு, சிறிது பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். இந்தச் செலவு உங்களுடையது. பாத்தியின்மேல் கருவேல முள்ளோ தென்னை ஓலையோ பரப்பி வைப்பது விதைத்தவரின் வேலை. “நாளைக்கு விதைக்கிறேன், அண்ணே” என்று அவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இரண்டும் நடக்கும். சொல்லாமல் விதைத்துவிட்டு, கோழி வந்தபின் சத்தம் போடுவதில் பயனில்லை.

வேலியும் சிறகும்

ஐந்தடி உயர வலை வேலி பொதுவாகப் போதும். ஆனால் மேற்புறத்தில் மூங்கிலோ கட்டையோ வைத்துக் கட்டாதீர்கள். கோழி முதலில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, பிறகு அப்பால் குதிக்கும். உட்காரப் பிடிமானம் இல்லாத வேலியைத் தாண்டத் தயங்கும். குஞ்சுகள் நுழையாதிருக்கக் கீழ்ப்பகுதியில் ஒன்றரை அடிக்குச் சிறு கண்ணுள்ள பழைய மீன்வலையைக் கட்டலாம். குஞ்சுடன் கூடிய தாய்க்கோழியைச் சில வாரங்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்துக்கும் தப்பும்.

பறந்து பழகிய கோழிக்கு ஒரு பக்கச் சிறகில் மட்டும், நுனியிலுள்ள பத்து நீண்ட இறகுகளைப் பாதியளவு கத்தரித்து விடுங்கள். இரு பக்கமும் வெட்டினால் கோழி சமநிலை பெற்று ஓரளவு எழும்பிவிடும்; ஒரு பக்கம் வெட்டினால் பறக்கும்போது சாயும். இதனால் வலி இல்லை. அடியில் இரத்தம் ஓடும் குருத்திறகை மட்டும் வெட்டக்கூடாது. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தபின் மீண்டும் கத்தரிக்க வேண்டும்.

கோழியை வாரத்துக்கு விடும் ஊர்களில் எது யாருடைய குஞ்சு என்ற பேச்சு அடிக்கடி எழும். குஞ்சுகளின் சிறகில் வீட்டுக்கொரு நிறமாகச் சாயம் தடவுவதும், வளர்ந்தபின் காலில் வண்ண வளையம் போடுவதும் இதற்குப் போதும்.

சேவல்

முட்டை மட்டும் வேண்டுவோர்க்குச் சேவலே தேவையில்லை. சேவலின்றியும் கோழி முட்டையிடும். அது பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு பொரிக்க வேண்டுமாயின் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். இரண்டு வைத்தால் ஒன்றுக்கொன்று பதில் கூவும். கூண்டை இருட்டாக்கினால் கூவாது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்தாலும் சேவல் தன் உடலுக்குள் இருக்கும் காலக் கணக்கைக் கொண்டே கூவுகிறது. ஆகவே அதன் வாயை அடைக்க முடியாது. பக்கத்து வீட்டார் படுக்கும் திண்ணையை விட்டு எட்டத்தில் கூண்டை அமைப்பதே முடியும்.

எச்சமும் ஈயும்

பத்துக் கோழி இட்ட எச்சம் நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்கு வரும். அது ஈரமாகக் கிடந்தால்தான் நாற்றம் வீசும், ஈ பெருகும். வெயில் காலத்தில் ஈயின் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவர ஏழு முதல் பத்து நாளே ஆகிறது. ஆதலால் வாரம் இரு முறை கூண்டைச் சுத்தம் செய்தால் ஈ முழு வளர்ச்சி அடையுமுன் அறுபட்டுவிடும். தரையில் மூன்று அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ பரப்பி அவ்வப்போது கிளறிவிட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் சாயாதிருக்கட்டும். கூண்டு ஈரமாவது பெரும்பாலும் அதனால்தான்.

கோழி எருவில் தழைச்சத்து 3 சதம், மணிச்சத்து 2.6 சதம், சாம்பல் சத்து 1.4 சதம் அளவில் உள்ளது. தொழு எருவைவிட இது பன்மடங்கு சத்துள்ளது. பச்சையாக இட்டால் செடி கருகும். மட்கவைத்தே இட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு கூடை மட்கிய எருவைப் பக்கத்துக் கொல்லைக் கத்தரிக்குக் கொடுத்துப் பாருங்கள். முட்டை கொடுப்பதைவிட இது மதிக்கப்படும்.

நோய் வந்தால் மறைக்காதீர்

வெள்ளைக் கழிச்சல் ஒரு கொல்லையோடு நிற்பதில்லை. ஒருவர் மட்டும் தடுப்பூசி போட்டு மற்றவர் போடாவிட்டால், நோய் தெருவைவிட்டுப் போகாது. பெரும்பாலும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமுக்குத் தெருவார் அனைவரும் சேர்ந்து கோழிகளைக் கொண்டு செல்லுங்கள். முதல் நாள் இரவே அடைத்து வைத்தால்தான் காலையில் பிடிக்க முடியும்.

இறந்த கோழியை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். திடீரெனப் பல கோழிகள் இறந்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இதைக் கடமையாக்குகிறது. ஊராட்சியிலோ கிராம அலுவலரிடமோ தெரிவித்தாலும் போதும். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. அந்நோய் உறுதியானால், சுற்றியுள்ள நோய்ப் பகுதியில் நோயில்லாத வீட்டுக் கோழிகளும் அழிக்கப்படும். அப்படி அழிக்கப்படும் பறவைகளுக்கு அரசு இழப்பீடு தரும். மருத்துவருக்குச் சொன்ன அன்றே பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். அவர்கள் தங்கள் கோழிகளை அடைத்து வைக்க அதுவே சமயம்.