மரம் தரும் பட்டு

மெல்போர்னின் தென்கிழக்கே ஸ்பிரிங்வேல் கடைவீதியில் ஒரு மெல்லிய சட்டையைக் கையில் எடுத்து, அதன் உட்புறச் சீட்டில் 'விஸ்கோஸ்' என்ற பெயரைப் படிக்கும் தமிழர், அந்த வஸ்திரம் பட்டுப்புழுவும் பருத்திச் செடியும் அன்றி, ஒரு மரத்தின் தேகத்திலிருந்து பிறந்தது என்பதை அறிந்தால் ஆச்சரியமே கொள்வார்.

மரத்தைக் கூழாக்கி, அதிலுள்ள செல்லுலோஸைப் பிரித்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடோடு கலந்தால், அது தேனைப்போல் கெட்டியான திரவமாகிறது. அதனை நுண்துளைகள் வழியே கந்தக அமிலத்தினுள் செலுத்த, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஓர் இழை உருவாகிறது. இம்முறையை 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூவர் கண்டனர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த தைலமரமே, பிற்காலத்தில் பவானிக் கரையிலுள்ள சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாயிற்று என்பது விசித்திரமான சம்பந்தம். ஆனால் அவ்வாலையின் கழிவு பவானியைக் களங்கப்படுத்திய துயரத்தையும் நாம் மறக்கலாகாது.

அத்தகைய துயரங்கள் புகட்டிய பாடத்தின் பயனாக, மரக்கூழைக் கரைக்கும் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டு மறுபடி உபயோகிக்கும் லயோசெல் முறை இன்று வளர்ந்திருக்கிறது. மரம் ஆடையாகலாம், ஆயின் நதி அதற்கு விலையாகக் கூடாது.